மைதானத்தில் நடந்த பந்தி

தம்பி,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. சனிக்கிழமை காலை நம் வீட்டு டிவியில் உன்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டேன். இடது புருவத்தில் தையல், கன்னமெல்லாம் சேறு, கையில் ஐரோப்பிய ரக்பிக் கோப்பை. அந்தக் கோப்பைக்குள் எதையோ ஊற்றி நீங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிக் குடித்ததையும் பார்த்தேன். அது என்ன என்று கேட்கமாட்டேன், இந்த ஒரு தடவை மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாய். கிளப் இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். “சைன் பண்ணட்டுமா, இல்ல வீட்டுக்கு வந்துடட்டுமாம்மா?” என்றாய். அப்பா முட்டி ஆபரேஷன் முடிந்து ஊன்றுகோலோடு நடக்கிறார், எனக்கும் முன்னைப் போல வேலை ஓடவில்லை, இருவரும் தனியாக இருக்கிறோம் என்று நினைத்துத்தான் கேட்டாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்தப் பதிலைப் பேச்சில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தது இன்னும் மறக்கவில்லை என்று பீற்றிக்கொள்வாயே, இப்போது எழுத்துக் கூட்டிப் படி. மெதுவாகத்தான் படிப்பாய், அதுவும் நல்லதுதான். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். வரிசை மாறி வந்தால் அம்மாவைத் திட்டாதே.

பதில் சொல்வதற்கு முன்னால், இந்த ஒரு சீசனை நான் எப்படிப் பார்த்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ பிரான்சில் மைதானத்துக்குள் நின்று பார்த்தாய். நான் உலகத்தின் இந்தக் கோடியில், லின்ஃபீல்டில் நம் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டும் ஒரே சீசன் இல்லை.

நவம்பரில் நீ என்ன சொன்னாய் என்று எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. இதுதான் கடைசி சீசன், டீமில் எடுக்கவில்லை என்றால் ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், விட்ட பிசியோதெரபி படிப்பை முடிக்கிறேன் என்றாய். நான் “பாத்துக்கலாம்ப்பா” என்று பாவமாகச் சொல்லிவிட்டு, போனை வைத்த கையோடு உன் அறைத் திரைச்சீலையைக் கழற்றித் துவைக்கப் போட்டேன். அந்த வாரமே ஹென்டர்சன் பக்கம் போய் உனக்குப் புது மெத்தைக்கு விலை கேட்டு வந்தேன். உன் அப்பாதான் வண்டியை ஓட்டினார்.

என் தொழில் உனக்குத் தெரியும். ரக்பி சீசன் தொடங்கிவிட்டால் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் எக்ஸ்ரே பிரிவு எப்படி நிரம்பும் என்பதைச் சின்ன வயதிலிருந்தே என்னிடம் கேட்டுக் கேட்டு உனக்குக் காது புளித்திருக்கும். கழுத்தில் பட்டை கட்டி, அசையக் கூடாது என்று படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிற பையன்களை நான்தான் படம் பிடிக்கிறேன். மூச்சை இழுத்துப் பிடி, ஆடாதே, அவ்வளவுதான் என்று சொல்கிற வாய் இது. அவர்களுடைய அம்மாக்கள் வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார்கள். படத்தில் என்ன தெரிந்தது என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். நீ ஆடுவதோ ஹூக்கர். இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர் முட்டித் தள்ளுகிற ஸ்க்ரமில் நட்டநடுவில் இருக்கிறது என் பிள்ளையின் கழுத்து. ஒரு நாள் நானும் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியிருக்குமோ என்ற பயம் எனக்கு நீ பள்ளி டீமில் சேர்ந்த அன்றைக்கே வந்தது.

ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கிளப் தோற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஏதோ ஓரிரு நாள் இல்லை, மாதக்கணக்கில். டிசம்பரில் முதல் ஆட்டம், சொந்த ஊரிலேயே தோற்றீர்கள். நீ கடைசிவரை பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சிலேயே இருந்தாய். உங்களுக்கு இரவு ஆட்டம், எங்களுக்கு ஞாயிறு காலை, நல்ல வெயில். நான் டிவியை அணைத்துவிட்டுப் போய்க் கேசரி கிளறினேன். நெய் வாசனை பிடித்து உன் அப்பா வந்து நின்று, “இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாள்?” என்றார். முந்திரி மீந்துவிட்டது, வீணாக்க வேண்டாம் என்று பார்த்தேன் என்றேன். அவர் தட்டைத் தொடவில்லை. கேசரியை வேண்டாம் என்று சொன்ன உன் அப்பாவை எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த ஆட்டம் அயர்லாந்தில், மழையில். உங்கள் முதல் ஹூக்கருக்கு முட்டி திருகிக்கொண்டது, உன்னை உள்ளே அனுப்பினார்கள். இந்த விளையாட்டில் எனக்குப் பாதி இன்னும் விளங்காது. ஆனாலும் லைன்-அவுட் எனக்குத் தெரியும், உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் வரிசையாக வைத்து உன் அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். பந்து கோட்டுக்கு வெளியே போனால் இரண்டு டீமும் இரண்டு வரிசையாக நிற்க வேண்டும். நீ ஓரத்தில் நின்று நடுவே எறிய வேண்டும். எறிகிற நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து தங்கள் ஆளை அந்தரத்தில் தூக்க, அவன் பிடிக்க வேண்டும். வரிசையின் முன்னாலா, நடுவிலா, கடைசியிலா, எங்கே எறிவது என்பதை ஒருவன் ரகசிய வார்த்தையில் கத்திச் சொல்வான். அன்றைக்கு எதிரணியில் இருந்தவன் ஒருத்தன் போன வருடம் உங்கள் கிளப்பில் ஆடியவன். உங்கள் ரகசியம் முழுக்க அவனுக்கு அத்துப்படி. நீ எறிய எறிய அவர்கள் எட்டிப் பறித்தார்கள். கேமரா உன் முகத்துக்குக் கிட்டே வந்தது. மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, நீ யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாய்.

அன்றைக்கும் தோற்றீர்கள். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. ஆனால் கேசரி கிளறக் கை வரவில்லை. நீ தோற்று வீட்டுக்கு வர வேண்டும் என்று நினைத்தேனே தவிர, அந்த முகத்தோடு வர வேண்டும் என்று நினைக்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

பிறகு சியோனே தன் வேலையைக் காட்டினான். ஒடாஹுஹுவில் வளர்ந்த அந்த டோங்கா நாட்டுப் பையன் உன்னோடு பள்ளி டீமில் ஆடி, உனக்கு முன்னாலேயே அந்த கிளப்புக்குப் போய், உன்னையும் அங்கே இழுத்துக்கொண்டவன். அதற்காக அவன்மேல் எனக்குக் கொஞ்ச நாள் கோபம் இருந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, “ஹலோ ஆன்ட்டி” என்று அவன் சிரித்தால் யாரால் கோபப்பட முடியும்? முதல் தடவை நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, சாம்பார் சாதத்தின்மேல் மோரை ஊற்றிப் பிசையப் போனான். நான் கையைப் பிடித்து நிறுத்தி, முதலில் சாம்பார், அடுத்தது ரசம், கடைசியில் மோர், இந்த வரிசையை மாற்றக் கூடாது என்றேன். ஏன் ஆன்ட்டி என்றான். வயிற்றைக் கேட்டுப் பார், அது சொல்லும் என்றேன். மூன்று விரலை மடக்கி மூன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அப்புறம் உன் சித்தப்பா மகள் கல்யாணப் பந்தியில் அவன் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். பரிமாறுகிறவர்கள் வாளியோடு “ரசம், ரசம்” என்று கத்திக்கொண்டே வர, வேண்டாம் என்று சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைத்து வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு வேர்த்து வழிந்தான். இலைக்கு மேலே இப்படிக் கையை விரித்துக் குடை பிடி, எவன் என்ன கத்தினாலும் உன் கையைத்தான் பார்ப்பான் என்று நான்தான் எதிர்வரிசையிலிருந்து காட்டினேன். அதையும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறான், பாவி.

ஜனவரியில் சியோனே உங்கள் கோச்சிடம் போய், பிரான்சில் இந்த வார்த்தைகளை ஒருத்தனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லி, வரிசையின் முன்னுக்கு சாம்பார், நடுவுக்கு ரசம், கடைசிக்கு மோர் என்று ஆக்கிவிட்டான். இதைப் பற்றி நீங்கள் இருவரும் எங்களிடம் மூச்சு விடவில்லை. அடுத்த ஞாயிறு காலை நான் அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், கூடத்திலிருந்து “ரசம்! ரசம்!” என்று ஒரு குரல். காலை ஒன்பது மணிக்கு இந்த மனிதருக்கு என்ன ரசம் கேட்கிறது என்று கத்தியோடு வெளியே வந்தேன். உன் அப்பா காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு டிவியைக் கையால் காட்டுகிறார். நடுவருடைய மைக்கில் சியோனேயின் குரல். நீ நடுவில் எறிய, அவன் ஆகாயத்தில் பிடிக்க, உங்கள் டீமில் இருக்கிற ஜார்ஜியாக்காரன் ஒருவன் அவனைக் கீழே இறக்கிவிட்டு “ரசோம்” என்று உன் தோளில் தட்டுகிறான். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் புவனா அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

அன்றிலிருந்து நீங்கள் ஜெயிக்கத் தொடங்கினீர்கள். ஏப்ரலில் இங்கிலாந்துக்கு வடக்கே போய், மூச்சுவிட்டால் புகை வருகிற குளிரில் காலிறுதியை ஜெயித்தீர்கள். முதல் ஹூக்கருக்கு முட்டி சரியான பிறகும் உன்னையே முதலில் இறக்கினார்கள். அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் நீ விழுந்து பந்தைக் காப்பாற்றியதை அப்பா போனில் எடுத்து ஆபரேஷனுக்குப் போகும்போது மயக்க மருந்து டாக்டரிடம் காட்டினார், தெரியுமா உனக்கு? அந்த நேரமெல்லாம் நான் இரண்டாகக் கிடந்தேன். நீ எறிவது சரியாகப் போனால் கை தட்டுவேன். தட்டிய கை ஓய்வதற்குள், இது உன்னை இன்னும் தள்ளிக் கொண்டுபோகிறதே என்று கையைக் கட்டிக்கொள்வேன். புது மெத்தை வாங்கும் பேச்சை நான் எடுக்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

இனி நான் செய்த கூத்துக்கு வருகிறேன். இதில் பாதிதான் உனக்குத் தெரியும். அரையிறுதிக்குப் பிறகு இங்கே ஊரெல்லாம் உன் பேச்சு. கோயிலில், இந்தியக் கடையில், ரானுயியில் ஒரு வளைகாப்பில், எங்கே போனாலும் அந்த ரக்பிக்காரப் பையனின் அம்மாதானே என்கிறார்கள். இதுவரை, பையன் இன்னுமா பந்து விளையாடுகிறான் என்று உதட்டைச் சுழித்தவர்களும் அதில் உண்டு. தமிழ் வானொலி நிகழ்ச்சியில் பேச வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். வெங்காய நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன், வானொலியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்பா கேலி செய்தும் கேட்கவில்லை. நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண், டிவியில் ரசம் என்று கேட்டதாகச் சொல்கிறார்களே, நிஜமா என்று கேட்டாள். எனக்கு வாய் நிற்கவில்லை. சியோனே மோரை ஊற்றப் போனதில் தொடங்கி, சாம்பார் எங்கே, ரசம் எங்கே, மோர் எங்கே என்று விரல் விட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் அதை வெட்டி எடுத்து நெட்டில் போட்டார்கள். வீடு வரும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது புவனா அக்கா வந்தார். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை. யாழ்ப்பாணத்து மனுஷி, எதையும் சுற்றி வளைக்கமாட்டார், அன்றைக்கு வாசலிலேயே நின்று கையைப் பிசைந்தார். “தங்கச்சி, சொன்னாக் கோவிக்காதையும். லண்டனில இருக்கிற என்ரை மருமகன்ரை சிநேகிதன் ஒருத்தன், உம்மடை மகன்ரை டீமோட ஃபைனல் விளையாடப்போற கிளப்பிலதான் பிசியோவா இருக்கிறான். நீர் ரேடியோவில கதைச்சதை அவனும் கேட்டவனாம்” என்றார். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. எதுவரைக்கும் கேட்டான் என்றேன். “ஓம் தங்கச்சி, மோர் வரைக்கும் கேட்டிட்டான்.”

அயர்லாந்தில் பார்த்த உன் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. தோற்க வேண்டும் என்று மாதக்கணக்கில் ஆசைப்பட்டவள், கடைசியில் தன் வாயாலேயே அதற்கு ஏற்பாடு செய்துவிட்டாளா என்று நானே என்னைக் கேட்டேன். அன்று முழுக்க அதைத் திருப்பித் திருப்பி யோசித்தேன், தம்பி. இல்லை. தோற்கட்டும் என்று நினைக்கிறவள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போய்ப் பெருமை பேசுவாளா? எனக்கே தெரியாமல் நான் எப்போதோ கட்சி மாறியிருக்கிறேன். மாறிய பிறகுதான் கெடுத்திருக்கிறேன், அதுதான் என் லட்சணம்.

உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ “ஓ மம்” என்று இழுத்தாய். எனக்கு அழுகை முட்டியது. இட்லி, தோசை, உப்புமா என்று மாற்றிக்கொள்ளுங்கள், கிழமைப் பெயரை வையுங்கள், என் பெயரை வேண்டுமானாலும் வையுங்கள் என்று உளறினேன். மூன்று நாளில் பதினைந்து பேருக்குப் புது வார்த்தை பழகாதும்மா, ஆட்டச் சூட்டில் பழைய வார்த்தைதான் வாயில் வரும் என்றாய். பின்னால் சியோனே சிரிப்பது கேட்டது. போனை வாங்கி, ஆன்ட்டி ஒன்றும் கவலைப்பட வேண்டாம், சனிக்கிழமை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்காருங்கள் என்று இங்கிலீஷில் சொன்னான். அவனுக்கு எல்லாவற்றிலும் சாப்பாடுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்டம். வெளியே மழை, உள்ளே ஹீட்டர். ஒடாஹுஹுவிலிருந்து சியோனேயின் அம்மா, வெள்ளிக் காகிதத்தில் சுற்றிய சேப்பங்கிழங்கும் இறைச்சியுமாக வந்துவிட்டார். நான் இட்லி ஊற்றியிருந்தேன், சாப்பிட யாருக்கும் தோன்றவில்லை. புவனா அக்கா சோபா ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார், தன்னால்தான் எல்லாம் என்பது போல. முதல் லைன்-அவுட். சியோனே “சாம்பார்!” என்று கத்தினான். நீ முன்னால் எறிந்தாய். எதிரணிக்காரன் காத்திருந்தது போல எழும்பிப் பறித்துக்கொண்டு போனான். கமென்டேட்டர், இவர்கள் நன்றாக வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்றார். அந்த வீட்டுப்பாடத்தை எழுதிக் கொடுத்தவள் நான். அடுத்தது “ரசம்”, அதுவும் போனது. நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். பாத்திரம் கழுவுவதாகச் சொல்லிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

முதலில் போனது வேண்டுமென்றே விட்டது, அவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக. இரண்டாவது நீ நிஜமாகவே கோணலாக எறிந்தது என்று ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னாய். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் ரத்த அழுத்தம் ஏறாமல் இருந்திருக்கும். ஆனால் என்னிடம் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரிந்துவிட்டது, அதனால் விட்டுவிடுகிறேன்.

இடைவேளைக்குப் பிறகு அப்பா, “இங்க வா, உன் பையன் எறியறதெல்லாம் இப்ப சரியாப் போகுது” என்று கூப்பிட்டார். வந்து பார்த்தால் சியோனே அதே வார்த்தைகளைத்தான் கத்துகிறான், எதிரணியும் அந்த இடத்தில்தான் தூக்குகிறது, பந்து மட்டும் வேறு எங்கேயோ போகிறது. எதிரணிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கமென்டேட்டருக்கும் புரியவில்லை, அப்பாவுக்கும் புரியவில்லை. நான் சியோனேயின் கையைப் பார்த்தேன். கத்துகிற நேரத்தில் வலது கையைத் தொடைக்கு முன்னால் விரித்துக் கவிழ்த்து வைத்திருந்தான். பந்தியில் இலையின்மேல் கை கவிழ்க்கிற அதே கவிழ்ப்பு. வாளிக்காரன் என்ன வேண்டுமானாலும் கத்தட்டும், எனக்கு வேண்டாம் என்கிற கை; நான் கத்துகிற இடத்துக்கு எறியாதே என்று உனக்குச் சொல்கிற கை. நான் சோபாவில் ஏறி நின்றுவிட்டேன். “கையைப் பாருங்க, கையைப் பாருங்க, இலைய மூடறான்” என்று நான் கத்த, ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஊரெல்லாம் சொல்லித் தீர்த்த நான், நல்லவேளையாக அதை மட்டும் வானொலியில் சொல்லவில்லை. அது ஒரு விஷயமென்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

கடைசி நிமிடத்தில் நான்கு புள்ளி பின்னால் இருந்தீர்கள். அவர்கள் கோட்டுக்குப் பக்கத்தில் உங்களுக்கு லைன்-அவுட். நீ பந்தைத் துண்டால் துடைத்தாய். சியோனே தொண்டை கிழிய “மோர்! மோர்!” என்றான். எதிரணி மொத்தமும் கடைசிப் பக்கம் பாய்ந்தது. அவன் கை கவிழ்ந்திருந்தது. நீ முன்னால் எறிந்தாய், குறி பிசகாமல். அவன் பிடித்து இறங்கினான், நீ பின்னால் போய் ஒட்டிக்கொண்டாய், எல்லோருமாகச் சேர்ந்து ஒரு தேரைத் தள்ளுவது போலத் தள்ளினீர்கள். கும்பல் சரிந்தது. யார் எங்கே என்று தெரியவில்லை. நடுவர் குனிந்து பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். ஒவ்வொருவராக எழுந்த பிறகு, அடியில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது நீ. என் பிள்ளை. ட்ரை வைத்து ஐந்து புள்ளி வாங்கிக் கொடுத்தது என் பிள்ளை.

அப்பா ஊன்றுகோல் இல்லாமல் எழுந்து நின்றார், அதை சர்ஜனிடம் சொல்லாதே. புவனா அக்கா யாரையோ கட்டிப்பிடித்து அழுதார், யார் என்று பார்த்தால் சியோனேயின் அம்மா. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் குடையோடு ரோட்டுக்கு வந்துவிட்டார். அவரையும் உள்ளே இழுத்து, ஆறிப்போன இட்லியைச் சாப்பிட வைத்து, என் மகன், என் மகன் என்று திரையைக் காட்டிக்கொண்டே இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் இவ்வளவு திமிரோடு நின்றதில்லை. வீடு வாங்கியபோதும் இல்லை, பாஸ்போர்ட் வாங்கியபோதும் இல்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, தம்பி. இனி நீ வரமாட்டாய். வந்தாலும் விருந்தாளியாகத்தான் வருவாய். அதைத் தெரிந்துகொண்டே நான் கத்தினேன், இன்னும் ஓங்கிக் கத்தினேன். சியோனேயின் அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினார். தன் பையன் முதன்முதலில் அங்கே கோப்பை வாங்கிய அன்று, சர்ச்சில் எல்லோர் முன்னாலும் நடனமாடிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளியலறையில் அழுததாக என் காதில் சொன்னார். நான் அழவில்லை. ஜெயித்த களைப்பில் மத்தியானம் வரை தூங்கிவிட்டேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அப்பாவின் முட்டியைக் காரணம் காட்டாதே. அவர் அடுத்த மாதம் ஊன்றுகோலை எறிந்துவிடுவார், அவருக்கு உன் ஆட்டத்தைவிடப் பெரிய மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. என்னைக் காரணம் காட்டாதே. எனக்குப் பக்கத்து வீட்டில் புவனா அக்கா இருக்கிறார், வானொலி இருக்கிறது, பேச ஊர் இருக்கிறது. கழுத்துக்கான பயிற்சியை மட்டும் ஒரு நாளும் விடாதே. அடிபட்டால் மறைக்காதே, அந்த ஊர் டாக்டர் பார்த்துவிட்டார் என்று சமாளிக்காமல் எக்ஸ்ரே படத்தை எனக்கு அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். தோற்ற நாளிலும் கூப்பிடு. ஜெயித்த நாளில் நீ கூப்பிடாவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும், தோற்ற நாளில்தான் உன் குரல் எனக்கு வேண்டும். சியோனேயோடு சண்டை வந்தால் அன்றைக்கே பேசித் தீர்த்துக்கொள். நாற்பது வயது வரை ஆட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும், அந்தப் படிப்பை அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாக முடி.

பயம் எனக்குப் போகவில்லை, போகவும் போகாது. சனிக்கிழமை வேலையில் ஒவ்வொரு பையனின் கழுத்தைப் படம் பிடிக்கும்போதும் நீதான் ஞாபகம் வருவாய். ஆனால் அந்தக் கும்பலுக்கு அடியிலிருந்து பந்தோடு எழுந்தாயே, அந்த முகத்தை நான் பார்த்துவிட்டேன். நான் பெற்று வளர்த்த இத்தனை வருடத்தில் அப்படி ஒரு முகத்தை உனக்கு என்னால் கொடுக்க முடிந்ததில்லை. அதை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, பக்கத்தில் வந்து உட்காருடா என்று சொல்கிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. அந்த அளவுக்கு நல்லவளும் இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருந்தது.

கையெழுத்துப் போடு. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே, இதைப் படித்து முடித்ததும் போய்ப் போடு. போட்ட பிறகுதான் என்னைக் கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் கூப்பிட்டுவிடாதே, உன் குரலைக் கேட்டால் வா என்று சொல்லிவிடுவேன்.

உன் அம்மா